வண்டைத் தேடும் முன் பட்ட மரத்தைத் தேடுங்கள்

பல வருஷமாக யார் கண்ணிலும் படாத காட்டு வண்டைத் தேடப் போகிறீர்கள் என்றால், முதலில் பழைய பதிவைப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் குத்தி வைத்த வண்டுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: இடம், தேதி, சில சமயம் எந்த மரம் என்பதும். அதில் மாதம்தான் முக்கியம். நிறைய வண்டுகள் மரத்துக்குள்ளேயோ மண்ணுக்குள்ளேயோ புழுவாக மாதக்கணக்கில், சிலது வருஷக்கணக்கில் கிடந்துவிட்டு, வெளியே வந்து சில வாரம்தான் பறக்கும். தீப்பெட்டியில் இலை போட்டுப் பொன்வண்டு வளர்த்தவர்களுக்கு இது தெரியும். தப்பான மாதத்தில் போய்விட்டு 'அழிந்துபோச்சு' என்று எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் தேடப் போவது திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக் காடு என்றால், அது புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி எழுத்தில் வேண்டும். பாபநாசம் மலையில் இருக்கிற காணிப் பழங்குடி மக்களிடம் வண்டின் படத்தைக் காட்டிக் கேளுங்கள், கூட வருகிறவருக்கு நியாயமான கூலி கொடுங்கள், அவர் சம்மதித்தால் பதிவில் பெயரும் போடுங்கள்.

சரி, உள்ளே போனதும் பட்ட மரமாகப் பாருங்கள். அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா? பழைய தூள் மழையில் கறுத்துக் கட்டியாகிவிடும். புதுசு வெளுப்பாக, விரலில் எடுத்தால் மாவு மாதிரி உதிரும். அப்படி இருந்தால் உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. ஆசையில் பட்டையை உரித்துவிடாதீர்கள், புழு காய்ந்து செத்துப்போகும். அந்த மரத்துக்கே திரும்பத் திரும்ப வாருங்கள், முதல் மழைக்கு அப்புறம் இன்னும் அடிக்கடி. ராத்திரியில் வெள்ளை வேட்டியைத் திரை மாதிரி கட்டித் தொங்கவிட்டு அதன் முன்னால் விளக்கு வைத்தால் சில வகைகள் வந்து உட்காரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

கிடைத்தால் மேலே, பக்கவாட்டில், உணர்கொம்பு என்று தனித்தனியாகப் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். படத்தை வைத்து மட்டும் சில இனங்களை உறுதி செய்ய முடியாது, வண்டு ஆய்வாளரிடம் காட்டியே ஆக வேண்டும். இடத்தை மட்டும் பொதுவில் போடவே போடாதீர்கள், அரிய வண்டுகளை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. வனத்துறைக்கும் ஆய்வாளருக்கும் தெரிந்தால் போதும்.

அப்புறம் அதன் வீட்டைக் காப்பாற்ற வேண்டும். விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கட்டும், சருகுக்குத் தீ வைக்க வேண்டாம். ஆடி அமாவாசைக்கு இதே காட்டுக்குள் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் அடுப்புக்குக் காட்டு விறகைத் தொடாதீர்கள். மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பட்டுப்போன மரம் யார் தலையிலும் விழாத இடத்தில் நின்றால், அதை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.