டிராக்டர் டிரெய்லருக்கு மாற்று டயர் தேர்ந்தெடுப்பது எப்படி? எடை மேடையிலிருந்து தொடங்குங்கள்

சென்ற பங்குனியில், சோழவந்தான் பக்கம் வாய்க்கால் கரைப் பாதையில் நெல் ஏற்றி வந்துகொண்டிருந்த எங்கள் இரண்டு சக்கர டிரெய்லரின் இடதுபக்க டயர் வெடித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அது மூன்றாவது டயர். முதல் இரண்டு முறையும் பாதையையும் டயரையும் குறை சொல்லிவிட்டு, அதே அளவில் வேறொரு கம்பெனி டயரை வாங்கி மாட்டினோம். மூன்றாவது முறை, 64 சிப்பங்களையும் நடுப்பாதையில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றி, கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை தவறிப்போய், இரண்டு நாள் நெல்லுக்குக் காவல் இருந்த பிறகுதான் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். காரணம் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. முதன்முறையாக டிரெய்லர் டயர் மாற்றுகிறவர்கள் நான் செய்த தவறைச் செய்யாமலிருக்க, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன் பழைய டயரைப் படியுங்கள்

பட்டன், அதாவது டயரில் தரையைத் தொடும் மேற்பரப்பு, நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம் அல்லது பேரிங் ஆடலாம். கடைசிக் குறையைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும். எங்கள் டயரில் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தன. அதைப் பார்த்த உடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு பக்கச்சுவரில் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுடையதில் 7.50-16 என்ற அளவும், 16 பிஆர் என்ற பலமும், 121/120 என்ற எண்ணும், அதையடுத்து ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. பிஆர் என்பது உள்ளே இருக்கும் நூல் அடுக்குகளின் எண்ணிக்கை என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். இன்றைய நைலான் டயர்களில் அது பலத்தைக் குறிக்கும் தரக்குறியீடே தவிர, வெட்டிப் பார்த்தால் 16 அடுக்கு இருக்காது. நமக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த 121 என்ற எண். அது ஒரு சக்கரம் தாங்கும் பாரத்தைக் குறிக்கிறது: 121 என்றால் 1,450 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள 120 என்பது லாரியின் பின்சக்கரம் போல இரட்டை டயராக மாட்டும்போது ஒவ்வொன்றும் தாங்கும் பாரம், அதாவது 1,400 கிலோ. ஒற்றை டயர் டிரெய்லருக்கு முதல் எண்ணை மட்டும் பாருங்கள்.

எடை மேடை: நான் தடுக்கி விழுந்த இடம்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார்கள், நானும் தாண்டினேன். "மூன்று டன் டிரெய்லர், மூன்று டன்னுக்குக் குறைவாகத்தானே ஏற்றுகிறோம்" என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. சிப்பத்துக்கு 40 கிலோ வீதம் 64 சிப்பத்துக்கு 2,560 கிலோ. ஆகவே டயருக்கு 1,280 கிலோ. 1,450 தாங்கும் டயருக்கு அது போதும் என்று நினைத்தோம். டிரெய்லரின் சொந்த எடையை நாங்கள் சேர்க்கவே இல்லை.

நேரில் எடை போடும் முறை எளியது. வழக்கமாக ஏற்றும் முழுப் பாரத்தோடு எடை மேடைக்குச் செல்லுங்கள். முதலில் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து மேடையில் நிற்கட்டும். அடுத்து டிராக்டரை மேடையை விட்டு முன்னே நகர்த்தி, கொக்கியைக் கழற்றாமல், டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி மீண்டும் எடை போடுங்கள். இந்த இரண்டாவது சீட்டில் வருவதுதான் டயர்கள் உண்மையில் சுமக்கும் எடை. மூன்றாவதாக, டிராக்டரை மட்டும் தனியே எடை போட்டால், கொக்கி எவ்வளவு தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

எங்களுக்கு வந்த கணக்கு இது. சேர்ந்த எடை 5,750 கிலோ, டிராக்டர் மட்டும் 2,090 கிலோ. ஆகவே நெல்லோடு டிரெய்லரின் எடை 3,660 கிலோ. டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் நின்றபோது 3,180 கிலோ. மீதி 480 கிலோவைக் கொக்கி வழியாக டிராக்டர் சுமந்தது. ஒரு டயருக்கு 1,590 கிலோ. அச்சிட்டிருந்ததோ 1,450. ஒவ்வொரு பயணத்திலும் ஒவ்வொரு டயருக்கும் 140 கிலோ கூடுதலாக ஏற்றியிருக்கிறோம். கரைப் பாதையில் வண்டி ஒருபக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துக்கு இன்னும் கூடியிருக்கும். இடதுபக்க டயரே மூன்று முறையும் வெடித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாரம் கூடினால் டயர் உடனே வெடித்துவிடாது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் தரையைத் தொடும் இடத்தில் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே சூடு ஏறி, ரப்பருக்கும் நைலான் நூலுக்கும் உள்ள பிடிப்பு சிறிது சிறிதாக விட்டுப்போகிறது. மூன்றாவது டயர் வெடிப்பதற்கு முந்தைய வாரம், பத்துக் கிலோமீட்டர் ஓடி வந்து நின்றதும் அதன் பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வலதுபக்க டயரையும் அன்று தொட்டுப் பார்த்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்.

தேவையான எண்ணை முடிவு செய்தல்

சக்கரத்துக்கு வந்த எடையோடு குறைந்தது பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். 1,590 கிலோவுக்கு அது ஏறத்தாழ 1,750 கிலோ ஆகிறது. 122 என்றால் 1,500, 124 என்றால் 1,600, 126 என்றால் 1,700, 127 என்றால் 1,750, 128 என்றால் 1,800, 130 என்றால் 1,900 கிலோ. எங்களுக்கு 127 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆகவே இரண்டே வழிகள் இருந்தன: 7.50-16 டயரையே வைத்துக்கொண்டு பாரத்தைக் குறைப்பது, அல்லது பெரிய டயருக்கு மாறுவது. ஏற்றும் பாரம் குறையாது என்பது அறுவடை நேரத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், 128 என்று அச்சிட்ட 8.25-16 டயரைத் தேர்ந்தெடுத்தோம்.

இங்கே ரிம்மை மறந்துவிடாதீர்கள். 7.50-16 டயருக்கு உரிய ரிம் 6.00ஜி; 8.25-16 டயருக்கு 6.50எச். ரிம்மில் இந்த எண் பொறித்திருக்கும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். பழைய ரிம்மிலேயே பெரிய டயரை ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். டயர் ஏறும், ஆனால் அதன் அடிவாய் (ரிம்மைப் பிடிக்கும் உள்விளிம்பு) சரியாக உட்காராது. டயரோடு ரிம்மையும் மாற்றினோம், ஸ்டெப்னியையும் சேர்த்து மூன்றாக. இரண்டு சக்கரம் ஒரு அளவிலும் ஸ்டெப்னி வேறு அளவிலும் இருந்தால் அந்த ஸ்டெப்னியால் பயனில்லை.

ரேடியலா, நைலானா?

ரேடியலில் உள்நூல்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடும்; கடைகளில் நைலான் என்று சொல்லும் டயரில் அவை சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும். தார்ச்சாலையில் மட்டும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு ரேடியல் நல்லது. அது சூடாவதும் குறைவு. ஆனால் வாய்க்கால் கரையிலும் கண்மாய்க் கரையிலும் சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே ஓடும் டிரெய்லருக்கு நான் நைலானைத்தான் சொல்வேன், ஏனெனில் அதன் பக்கச்சுவர் தடிப்பானது. எதை எடுத்தாலும் ஒரே அச்சில் இரண்டையும் கலக்கக் கூடாது. பட்டனில், நீளவாக்கில் கோடு ஓடும் வகை போதும். டிரெய்லர் சக்கரம் உருண்டுவருவதோடு சரி, இழுப்பதில்லை என்பதால், டிராக்டர் பின்சக்கரம் போன்ற கட்டைப் பட்டன் இதற்குத் தேவையில்லை.

தயாரித்த வாரம்

நான்கு இலக்க எண் ஒன்று சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதைவிட வெயிலில் நின்று வெடிப்பு விட்டுக் கெடுவதுதான் அதிகம். ஆகவே ஓராண்டுக்கு மேல் கடையில் கிடந்த டயரை நான் வாங்குவதில்லை. இந்த எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். இரண்டாவது முறை டயர் வாங்கியபோது, எண் இருந்த பக்கம் உள்பக்கமாக மாட்டப்பட்டுவிட்டது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால் நான்கு ஆண்டுப் பழைய சரக்கு. மாட்டிய டயரைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. ஆகவே மாட்டுவதற்கு முன்பே புரட்டிப் பாருங்கள். எழுத்து தெளிவில்லையென்றால் மேலே சாக்பீஸைத் தேயுங்கள், எண் வெள்ளையாக எழுந்து நிற்கும். ஐஎஸ்ஐ முத்திரையையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது

டியூபையும், டியூபுக்கும் ரிம்முக்கும் இடையே போடும் ரப்பர் பட்டையான பிளாப்பையும் டயரோடு சேர்த்துப் புதிதாக வாங்குங்கள். பழைய டியூப் நீண்டுபோயிருக்கும். புது டயருக்குள் அது மடிந்து, மடிப்பில் உரசிக் கிழியும்.

லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் தனி இரும்பு வளையம்) உள்ள ரிம்மில் காற்றடிப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் அது பறந்து வந்து ஆளையே கொல்லும். சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, அல்லது கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாயால் பக்கவாட்டில் நின்றபடி காற்றடிக்கும் கடைக்கு மட்டும் செல்லுங்கள். காற்று இருக்கும்போது ரிங்கைச் சுத்தியலால் தட்டுகிறவரை உடனே நிறுத்துங்கள், தயங்க வேண்டாம்.

பக்கச்சுவரில் எழுதிய பாரம், அதனுடன் எழுதிய காற்றழுத்தம் இருந்தால்தான் பொருந்தும். அழுத்தம் கிலோபாஸ்கலில் இருந்தால் அதை 7-ஆல் வகுத்தால் ஏறத்தாழப் பவுண்டு கிடைக்கும். 700 என்றால் சுமார் 100 பவுண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. பஞ்சர் கடை மீட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதால், முள் காட்டும் வட்ட மீட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி டிராக்டர் பெட்டியில் வைத்திருக்கிறேன். ரிம் மாற்றியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் எதிரெதிராக மறுபடி முறுக்குங்கள்.

பிற்சேர்க்கை

உசிலம்பட்டியிலிருந்து ஒரு நண்பர், டிராக்டர் மெதுவாகத்தானே ஓடுகிறது, கூடுதல் பாரம் தாங்காதா என்று கேட்டிருந்தார். பார எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கிறது: எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40. குறைந்த வேகத்துக்குக் கூடுதல் பாரத்தை அனுமதிக்கும் அட்டவணைகளைக் கம்பெனிகள் வெளியிடுவது உண்மைதான். உங்கள் டயருக்குரிய அட்டவணை கையில் இருந்தால் அதன்படி செய்யுங்கள். ஊகத்தில் ஏற்ற வேண்டாம்.

ரீட்ரேட், அதாவது தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டுவது பற்றிப் பலர் கேட்டார்கள். பாரம் மிகாமல் ஓடிய உங்கள் சொந்த டயரென்றால் செய்யலாம். எங்களுடையது போல் சூடேறிய டயருக்கு மேலே புதுப் பட்டன் ஒட்டினாலும் உள்ளே விட்டுப்போன பிடிப்பு திரும்பாது.

எங்களைப் போலவே 8.25-16 அளவுக்கு மாறிய ஒருவருக்கு, பாரம் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசியது. பெரிய டயரின் விட்டம் சில சென்டிமீட்டர் கூடுதல் என்பதை நான் முதலில் எழுதாமல் விட்டது என் தவறு. வாங்குவதற்கு முன், முழுப் பாரம் ஏற்றி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே நான்கு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லையென்றால் மட்கார்டு தாங்கியை வெல்டிங் கடையில் உயர்த்திய பிறகு டயருக்கு முன்பணம் கொடுங்கள்.