கடுகு நிறக் கல்லில் கை வைக்காதீர்கள்

நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் இருந்து லட்சத்தீவுப் பக்கம் சுறா பிடிக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் போய் வந்த என் சித்தப்பா மகன் முழங்கை வரை தடித்துச் சிவந்த கையோடு வந்து நின்றான். தீவோரம் சிக்கிக்கொண்ட நங்கூரத்தை எடுக்க முங்கினவன், ஒரு கல்லில் கையை ஊன்றியிருக்கிறான். "வெறும் கல்லுதானே அண்ணா" என்றான்.

முதல் தவறு அதுதான். அது நெருப்புப் பவளம், உயிருள்ளது. பெயரில் பவளம் இருந்தாலும் நிஜப் பவளங்களின் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. ஹைட்ரா என்ற குட்டி நீர்வாழ் உயிரின் வகை, கடல்சொறிக்குத் தூரத்து உறவு. பவளத்தைப் போலவே சுண்ணாம்பால் கூடு கட்டுவதால்தான் ஏமாறுகிறோம். கிட்டப் போய்ப் பார்த்தால் மேல்தோல் வழவழவென்று, கடுகு நிறத்தில் இருக்கும், நுனி மட்டும் வெள்ளை. அந்த வழவழப்பு முழுக்க ஊசிமுனை அளவுத் துளைகள். மில்லிப்போரா என்ற இதன் அறிவியல் பெயருக்கே ஆயிரம் துளை என்றுதான் பொருள். பெரிய துளைக்குள் இரை தின்னும் பாலிப், அதாவது குழாய் போன்ற குட்டி உயிர், ஒன்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள சின்னத் துளைகளில் இருந்து மயிரிழை போலக் கொட்டும் பாலிப்கள் நீளும். வாய்க்கும் காவலுக்கும் தனித்தனி ஆள்! எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். கிளையாக மட்டும் வளரும் என்றும் நினைக்க வேண்டாம். தட்டையாகப் பரவும், செத்த விசிறிப் பவளத்தின் மேல் பூசினாற்போல் ஏறும், தண்ணீரில் கிடக்கும் கயிற்றைக்கூட விடாது.

அடுத்த தவறு, கொட்டிய பிறகு நடப்பது. இவன் குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்துக் கழுவி, துவர்த்தால் (துண்டால்) அழுத்தித் தேய்த்திருக்கிறான். தோலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய விஷப்பைகளில் பல இன்னும் வெடிக்காமல் இருக்கும். நல்ல தண்ணீர் பட்டாலோ, தேய்த்தாலோ அவையும் வெடித்துவிடும். கொஞ்சம் எரிந்தது கை முழுக்கப் பரவியது அப்படித்தான். மணலால் தேய்ப்பதும், மூத்திரம் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். கடல்நீரால் மெதுவாக அலசுங்கள். ஒட்டியிருக்கும் துணுக்குகளைச் சிமிட்டாவால் (சின்ன இடுக்கியால்) எடுங்கள். அப்புறம் வினிகர் ஊற்றினால் வெடிக்காத பைகள் அடங்கும். வலிக்கு, தோல் பொறுக்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, 20 நிமிடம் கையை வைக்கலாம். அரிப்பு ஒரு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும், சொறிந்து புண்ணாக்காதீர்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், கண்ணில் பட்டிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெளுத்துக் கிடப்பதைச் செத்தது என்று தொடுவதும் தவறு. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குக் கடுகு நிறத்தையும் பெருமளவு சாப்பாட்டையும் தருகிறது. கடல் சூடேறினால் அந்தப் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். உயிர் அப்போதும் மிச்சமிருக்கலாம், கொட்டவும் செய்யலாம். லட்சத்தீவுப் பவளங்கள் 1998-இல் இப்படித்தான் பெருமளவில் வெளுத்து மடிந்தன. நெருப்புப் பவளம் இந்தச் சூட்டுக்கு மிகச் சீக்கிரம் பலியாகும் வகை. அது கொட்டுகிறதே என்று கோபப்படுவதைவிட, அது இல்லாமல் போகிறதே என்றுதான் எனக்கு வருத்தம்.

நங்கூரத்தைப் பாறைமேல் போடுவதை நம் ஆட்கள் தவறாகவே நினைப்பதில்லை. மணல் தரை பார்த்துப் போட்டால் பவளமும் உடையாது, முங்கி எடுக்க வேண்டிய வேலையும் வராது. உடைந்த துண்டை ஷோகேஸுக்கு என்று கொண்டுவராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நெருப்புப் பவளத்தை 2001-இலேயே சேர்த்துவிட்டார்கள். எடுப்பதும் விற்பதும் குற்றம். கடலில் உடைந்து விழுந்த துண்டு சும்மா கிடப்பதுமில்லை, நல்ல இடம் அமைந்தால் அங்கேயே ஒட்டிப் புதுப் பவளமாக வளரும்.