இழுவை 30 இல்லை, 24

உயர்தரப் பௌதிகவியலில் கப்பிக் கணக்கு வந்தாலே எனக்கு ஒரே பிழைதான். ஒப்பமான கப்பி, இலேசான நீளா இழை, ஒரு நுனியில் 3 கிலோகிராம், மறு நுனியில் 2 கிலோகிராம். இழுவை, அதாவது இழை இழுக்கும் விசை, என்ன? 3 கிலோ தொங்குகிறது, ஆகவே 30 நியூட்டன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன் (ஈர்ப்பு ஆர்முடுகல், அதாவது விழும் பொருளின் வேகம் கூடும் வீதம், 10). அசையாமல் தொங்கினால் அது சரி. இங்கே அது இறங்குகிறதே!

விளங்கியது கல்லடியில், அம்மம்மா வீட்டுக் கிணற்றடியில். மீன் நிறுக்கும் பழைய விற்றராசை, அதாவது சுருள்வில் தராசை, கயிற்றுக்கும் வாளிக்கும் இடையில் கட்டினேன். வாளி சும்மா தொங்கும்போது முள் 3இல் நின்றது. வெடுக்கென்று மேலே இழுத்தால் 3ஐத் தாண்டி ஓடியது. கயிற்றைச் சட்டென்று தளர விட்டால் 2 பக்கம் இறங்கியது. "தண்ணி அள்ள வந்தியா, நிறுக்க வந்தியா மனே?" என்று அம்மம்மா ஏசினா.

வாளியும் தண்ணீரும் அதேதான், ஆர்முடுகல்தான் மாறியது. பிறகு ஒவ்வொரு திணிவுக்கும் அதன் மேலுள்ள விசைகளை மட்டும் காட்டித் தனிப்படம் கீறினேன். எஞ்சும் விசை = திணிவு × ஆர்முடுகல். இழுவை 'இ', ஆர்முடுகல் 'ஆ'. இறங்கும் பக்கம் 30 − இ = 3ஆ. ஏறும் பக்கம் இ − 20 = 2ஆ. கூட்டினால் இழுவை கழன்றுவிடும்: 10 = 5ஆ. ஆர்முடுகல் 2, இழுவை 24 நியூட்டன்.

இப்போதெல்லாம் விடை 20க்கும் 30க்கும் நடுவில் விழுகிறதா என்று முதலில் பார்ப்பேன். விழாவிட்டால் எங்கோ குறி பிழைத்திருக்கும். கப்பி தொங்கும் கொளுக்கியில் விசையும் இரு பக்க இழுவையும் சேர்ந்த 48தான், நிறைகளைக் கூட்டி வரும் 50 இல்லை. அதிலும் இரண்டு தரம் புள்ளி விட்டவன் நான்.