சட்டம் முடித்தவர்கள் சிறிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது ஏன்? நீங்களும் முடிவெடுக்க ஒரு செய்முறை

சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "எந்தப் பெரிய ஃபர்மில் சேரப் போகிறாய்?" சிறிய அலுவலகத்தின் பெயரைச் சொன்னால், வேறு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரிய இடத்தில் வாய்ப்பு வந்தும் அதை விட்டுவிட்டு, ஐந்து பேர், பத்துப் பேர் இருக்கிற அலுவலகத்துக்கு விரும்பியே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்த்து அப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு நோட்டு எடுத்து வைத்துக்கொண்டு கூடவே செய்து பாருங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய நிறுவனத்தில் சேர்வது என்றால் பெரும்பாலும் ஒரு மனிதரிடம் சேர்வது. அந்த மனிதர் சரியானவராக இருந்தால், வழக்காட விரும்புகிற ஒருவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அவர் சரியில்லை என்றால் அதைவிட மோசமான இடமும் இல்லை.

படி 1: முதல் இரண்டு ஆண்டில் உங்கள் கை என்ன வேலை செய்யும்?

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் பெரிய நிறுவனம், வலது பக்கம் சிறியது.

பெரிய நிறுவனத்தில் ஒரே விவகாரத்தில் பல வழக்கறிஞர்கள் வேலை செய்வார்கள். மேலே பார்ட்னர் (நிறுவனத்தின் லாபத்தில் பங்குள்ள வழக்கறிஞர்), அவருக்குக் கீழே சீனியர் அசோசியேட், அவருக்கும் கீழே நீங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு வருவது பெரும்பாலும் ஆவணங்களைப் படித்து வகைப்படுத்துவது, ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது, ஒரு சட்டக் கேள்விக்குத் தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பு எழுதுவது. கட்சிக்காரர், அதாவது வழக்கறிஞரை அமர்த்தியவர், யார் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் அவருக்காக உழைப்பது அங்கே சாதாரணம். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி வைப்பதில்லை. கட்சிக்காரர் கொடுக்கிற கட்டணம் பெரிது, பணயமும் பெரிது. புதியவர் கையில் அதை ஒப்படைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

சிறிய அலுவலகத்தில் அந்த அடுக்குகளே இல்லை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து கதை சொல்லும்போது பக்கத்தில் குறிப்பெடுப்பது நீங்கள்தான். அன்று மாலையே முதல் வரைவை எழுதுவதும் நீங்கள்தான். சீனியர் அதில் பாதியை அடித்துத் திருப்பித் தருவார். மறுபடி எழுதுவீர்கள். தாக்கல் செய்யப் போவீர்கள், குறைபாடு சொல்லித் திருப்பினால் சரிசெய்வீர்கள், வாய்தா நாளில் நீதிபதி முன்னால் எழுந்து நிற்பீர்கள். வாடகைத் தகராறு, சிறிய கடன் வழக்கு, விபத்து இழப்பீடு போன்றவற்றில் கொஞ்ச காலத்திலேயே முழு வழக்குக் கட்டையும் உங்களிடம் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் கொடுக்க வேறு ஆள் இல்லை.

ஒரு வழக்கை ஆரம்பத்திலிருந்து தீர்ப்பு வரை ஒருவரே பார்க்கும்போது, சட்டக் கல்லூரியில் தனித்தனியாகப் படித்த நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முதல் மனுவில் விட்டுப்போன ஒரு வரி, பிற்பாடு குறுக்கு விசாரணையில் எப்படித் தடுக்கிறது என்பது அப்போதுதான் புரியும். சிறிய அலுவலகத்தை விரும்பிப் போகிறவர்கள் சொல்கிற காரணங்களில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

படி 2: மணிக் கணக்கு போடுங்கள்

பெரிய நிறுவனங்களில் நேரம்தான் சரக்கு. கட்சிக்காரரின் பில்லில் எழுதக்கூடிய மணிகளை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்வது பல இடங்களில் வழக்கம். இந்தப் பழக்கம் பரவ ஒரு முக்கியக் காரணம், 1958ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் வெளியிட்ட ஒரு சிறு கையேடு. நேரத்தைக் குறித்து வைக்கிற வழக்கறிஞர்தான் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று அது வாதிட்டது. ஆண்டுக்கு 1,300 மணி கட்டணம் பெறத்தக்க வேலை போதும் என்பது அன்றைய கணக்கு. இன்று அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இலக்கு 1,800க்கும் 2,000க்கும் இடையில் இருக்கிறது.

1,900 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை போக 48 வாரம் வேலை என்றால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 40 மணி. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது பில்லில் ஏறுகிற மணி மட்டும். சாப்பிடுவது, அலுவலகக் கூட்டம், பயிற்சி வகுப்பு, சும்மா சட்டம் படிப்பது, வேலைக்காகக் காத்திருப்பது எதுவும் இதில் சேராது. அவற்றையும் சேர்த்தால் அலுவலகத்தில் இருக்கிற நேரம் 50 மணியைத் தாண்டிவிடும். சம்பளத்தை இந்த மொத்த மணியால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணைத்தான் இரண்டு இடங்களுக்கும் ஒப்பிட வேண்டும், மாதச் சம்பளத்தை அல்ல.

சிறிய நிறுவனங்களில் பல, வழக்குக்கு இவ்வளவு என்றோ கட்டத்துக்கு இவ்வளவு என்றோ கட்டணம் வாங்குகின்றன. அதனால் ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய நெருக்கடி குறைவு. அதற்காக வேலை நேரம் குறைவு என்று நம்பிப் போகாதீர்கள். விசாரணைக்கு முந்தின இரவு எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான்.

படி 3: பணத்தை நேராகப் பாருங்கள்

ஆரம்பச் சம்பளம் பெரிய இடத்தில்தான் அதிகம், பல சமயம் மிக அதிகம். கல்விக் கடன் இருந்தால், வீடு உங்களை நம்பி இருந்தால், மாதம் எவ்வளவு கட்டாயம் வேண்டும் என்று நோட்டில் எழுதுங்கள். சிறிய அலுவலகம் தருகிற தொகை அதற்குக் கீழே இருந்தால், சில ஆண்டுகள் பெரிய இடத்தில் இருந்து கடனை அடைத்துவிட்டு வருவது நல்ல திட்டம். பெரிய இடத்திலிருந்து சிறியதற்கு மாறுவது பொதுவாக எளிது. சிறியதிலிருந்து பெரியதற்குப் போவதுதான் கடினம், அதையும் மனதில் வையுங்கள்.

படி 4: மேலே ஏறும் வழியும், நிறுவனம் நிற்கும் தூணும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பால் கிரவாத் என்ற வழக்கறிஞர் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நல்ல சட்டக் கல்லூரிகளிலிருந்து நேராக ஆட்களை எடுப்பது, நிறுவனமே பயிற்சி தருவது, சில ஆண்டுகளில் பார்ட்னராகத் தகுதி பெறாதவர்கள் வெளியேறுவது. உலகின் பல பெரிய நிறுவனங்கள் இதே வடிவத்தைப் பின்பற்றின. கீழே நிறையப் பேர், மேலே கொஞ்சம் பேர். கீழே இருப்பவர்களின் மணிகளிலிருந்துதான் மேலே இருப்பவர்களின் லாபத்தில் பெரும்பகுதி வருகிறது. ஆகவே எல்லாரும் மேலே போக முடியாது, ஏற்பாடே அப்படி.

சிறிய இடத்தில் இந்தக் கூம்பு இல்லை. நீங்கள் கட்சிக்காரர்களைக் கொண்டுவர ஆரம்பித்தால் பங்கு பேசலாம். ஆனால் அங்கே வேறு ஆபத்து: உரிமையாளர் இடம் கொடுத்தால்தான் இடம். அலுவலகத்தை அவருடைய மகனோ மகளோ எடுத்துக்கொள்ளப் போகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

அப்புறம், பெரியது என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் 2007ல் இரண்டு சட்ட நிறுவனங்கள் இணைந்து உருவான ட்யூயி அண்ட் லெபூஃப், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களோடு இயங்கியது. கடன் சுமையும், பார்ட்னர்கள் சிலருக்கு உறுதியளித்திருந்த பெரும் ஊதியமும் சேர்ந்து அழுத்த, பார்ட்னர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2012 மே மாதம் அது திவால் மனு தாக்கல் செய்தது. சிறிய அலுவலகம் வேறு விதமாக விழும்: ஒரே பெரிய கட்சிக்காரர் போய்விட்டால் போதும். அதனால் மொத்த வருமானத்தில் மிகப் பெரிய கட்சிக்காரரின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். பாதிக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

படி 5: யாருக்காக வாதாட முடியும்?

இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. ஒரே நிறுவனம் ஒரு கட்சிக்காரருக்காகவும் அவருக்கு எதிராகவும் நிற்க முடியாது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும் தொழில்களும் கட்சிக்காரர்களாக இருக்கிற பெரிய நிறுவனத்தில், அவர்களை எதிர்த்து ஒரு தொழிலாளியோ காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்ட ஒரு குடும்பமோ வந்தால் வாசலிலேயே மறுக்க வேண்டியிருக்கும். சிறிய அலுவலகத்துக்கு அந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு. தனி மனிதர்களுக்காக நிற்கத்தான் சட்டம் படித்தேன் என்று நினைப்பவருக்கு, சம்பளத்தைவிட இது பெரிய காரணம்.

அதேபோல, சிறியது என்றால் எல்லா வகை வழக்கும் பார்க்கிற அலுவலகம்தான் என்று இல்லை. வரி, காப்புரிமை, தொழிலாளர் சட்டம் என்று ஒரே துறையில் ஆழமாக வேலை செய்கிற சிறிய நிறுவனங்கள் உண்டு. பெரிய நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் தொடங்கியவை பல. ஆனால் பல நாடுகளைத் தொடுகிற நிறுவன இணைப்புகளில் வேலை செய்வதுதான் உங்கள் ஆசை என்றால் பெரிய இடத்துக்கே போங்கள்.

படி 6: அந்த மனிதரைச் சோதியுங்கள்

இதற்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்கள் முன்னால்தான் நடக்கின்றன. சேர நினைக்கிற சீனியர் ஆஜராகும் நாட்களில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வந்திருக்கிறாரா, காரணமே இல்லாமல் வாய்தா கேட்கிறாரா என்று பாருங்கள். நீதிபதி கடுமையாகப் பேசினால், வெளியே வந்து ஜூனியர் மேல் எரிந்து விழுகிறாரா? குமாஸ்தாவிடம் எப்படிப் பேசுகிறார்? தோற்றுப்போன கட்சிக்காரரிடம் நின்று விளக்குகிறாரா, வேகமாக நகர்ந்துவிடுகிறாரா? நேர்காணலில் எவ்வளவு கேட்டாலும் இவ்வளவு தெரியாது.

அடுத்தது, அவரிடம் முன்பு வேலை பார்த்தவர்கள். இரண்டு மூன்று பேரையாவது தேடிப் பேசுங்கள். "ஏன் விலகினீர்கள்?" என்று கேட்பதைவிட, "எத்தனை மாதத்தில் தனியாக வாதாட விட்டார்? உங்கள் வரைவைத் திருத்தும்போது காரணம் சொல்வாரா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும். விலகியவர்கள் இப்போது நல்ல நிலையில் தனியாகத் தொழில் செய்கிறார்கள் என்றால் அவர் கற்றுக்கொடுப்பவர். பழைய ஜூனியர் வளர்ந்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற சீனியர் கிடைத்தால் விடாதீர்கள்.

முடிந்தால் ஒரு மாதம் பயிற்சிக்குப் போங்கள். கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கிறார்களா என்று அங்கே இருக்கும்போது கவனியுங்கள். அதில் குழப்பம் இருந்தால், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

படி 7: பேசியதை எழுத்தில் வாங்குங்கள்

சிறிய அலுவலகங்களில் வாய்ப்பேச்சிலேயே வேலை தொடங்கிவிடுவது உண்டு. மரியாதையாக, ஒரு மின்னஞ்சலாவது கேளுங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில்? நீங்கள் கொண்டுவருகிற கட்சிக்காரர் தரும் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு? சொந்தமாக வழக்கு நடத்தலாமா? பயணச் செலவு யாருடையது? எப்போது சம்பளத்தை மறுபரிசீலனை செய்வார்கள்? விலகினால் உங்கள் கட்சிக்காரர்களின் கட்டுகள் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் மட்டும் சேராதீர்கள், பின்னால் வரும் சண்டைகள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன.