வீடு மாறும்போது கார் இன்சூரன்ஸில் நடக்கும் தவறுகள்

சென்னை வேளச்சேரியிலிருந்து கோவைக்கு நாங்கள் குடிபெயர்ந்தது ஒரு மே மாதம். கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் டி.சி., ஆதார் முகவரி என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக முடித்தேன். கார் பாலிசி மட்டும் அந்த நோட்டில் இல்லை. ஜூலையில் புகைச் சான்று எடுக்கப் போய் நின்றபோது, வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு மடித்து வைத்திருந்த பாலிசியைப் பிரித்துப் பார்த்தேன். முடிந்து 19 நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் பிள்ளைகளை அந்தக் காரில்தான் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

நினைவூட்டல் ஏன் வரவில்லை என்று பிறகு தேடினேன். பாலிசியில் இருந்த கைபேசி எண் என்னுடையதே இல்லை. கார் வாங்கிய அன்று ஷோரூமில் படிவம் நிரப்பியவர் தன் எண்ணைப் போட்டிருந்தார். கடிதமோ காலி செய்த வீட்டுக்குப் போயிருந்தது. உங்கள் பாலிசியை இப்போதே எடுத்து, அதில் யாருடைய எண், யாருடைய இமெயில் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்டின் எண்ணே பல பாலிசிகளில் இருக்கும். பழைய ஊரில் இருக்கும்வரை அவர் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். ஊர் மாறிய பிறகு அந்தத் தொடர்பு மெல்ல அறுந்துவிடும்.

முகவரி மாறினாலே பாலிசி செல்லாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பாலிசி இந்தியா முழுவதற்கும் பொருந்தும். வேளச்சேரி முகவரியோடு கோவையில் ஓட்டியதால் மட்டும் அது செத்துவிடாது. ஆனாலும் மாற்றிவிடுவதே நல்லது. நிறுவனத்தின் இணையதளத்திலோ கிளையிலோ முகவரிச் சான்று கொடுத்தால் 'எண்டார்ஸ்மென்ட்' என்று, அந்த மாற்றத்தைக் குறிக்கும் ஒரு தாள் தருவார்கள். அதைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

ஆர்.சி. விஷயம் தனி. மோட்டார் வாகனச் சட்டப்படி, முகவரி மாறிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினால் வண்டி எண் மாறாது, முகவரி மட்டும்தான் மாறும். பெங்களூருவுக்கோ கொச்சிக்கோ போய் 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வண்டியை வைத்திருந்தால், பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி அந்த மாநிலத்தில் புது எண் எடுத்தாக வேண்டும். கார் லோன் பாக்கி இருந்தால் பேங்க்கின் ஒப்புதலும் வேண்டும். இந்த அலைச்சலெல்லாம் முடிந்து புது நம்பர் பிளேட் மாட்டியதும், வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். பாலிசியிலோ பழைய டி.என். எண்ணே கிடக்கிறது. விபத்து நடந்து கிளெய்முக்குப் போகும்போது வண்டியில் ஓர் எண், பாலிசியில் ஓர் எண். இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் காட்டி வாதாடலாம்தான். ஆனால் கார் பட்டறையில் நிற்கும் நேரத்தில் அந்த அலைச்சல் எதற்கு? புது ஆர்.சி. கைக்கு வந்த வாரமே வண்டி எண்ணைப் பாலிசியில் மாற்றச் சொல்லுங்கள்.

நல்ல விவரம் தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல், புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் காரால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீடு, எடுக்க வேண்டும் என்பது விதி. நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதியோ பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கே இருக்கும். "மூன்று வருஷ பாலிசிதானே, இன்னும் நாள் இருக்கிறது" என்று இருந்துவிடுவோம். போலீஸ் பார்த்தாலும் இன்சூரன்ஸ் இருப்பதாகவே காட்டும். ஆனால் காரைத் தூணில் இடித்தால் ஒரு பைசா வராது. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடே இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. எனக்கு அந்த அபராதம் பெரிதாகத் தெரியவில்லை. அந்த 19 நாளில் ஒருவர் மேல் மோதியிருந்தால், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு முழுவதையும் நான்தான் கட்ட வேண்டியிருந்திருக்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் அதற்கு உச்ச வரம்பே கிடையாது. இன்று பணம் கட்டி நேற்றிலிருந்து கணக்கு வைக்கச் சொல்லவும் முடியாது. பணம் சேர்ந்த பிறகுதான் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துடையது.

புதுப்பிக்காமல் விட்டுப்போனால் அடுத்து என்ன? முதலில் காரை எடுக்காதீர்கள். மூன்றாம் நபர், ஓன் டேமேஜ் இரண்டும் சேர்ந்த முழு பாலிசி வேண்டுமென்றால் காரை நேரிலோ வீடியோவிலோ பார்த்த பிறகுதான் பெரும்பாலும் தருவார்கள். 90 நாளைத் தாண்டினால், கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய் என்றால், 50 சதவீதம் என்பது 6,000 ரூபாய். அவசரத்தில் புது ஊர் ஏஜென்ட், "போன வருஷம் கிளெய்ம் எதுவும் இல்லை என்று போட்டுவிடுகிறேன்" என்பார். கிளெய்ம் வாங்கியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்யான தகவலைக் காட்டி, பிற்பாடு பெரிய கிளெய்மையே மறுக்க இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வழி கிடைக்கும்.

சாமான்களோடு காரையும் லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்களிடம் பேக்கர்ஸ் ஆட்கள் டிரான்சிட் இன்சூரன்ஸ் என்று தனியாகப் பணம் கேட்பார்கள். நம் முழு பாலிசியின் வழக்கமான வாசகத்திலேயே, சாலையிலும் ரயிலிலும் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதம் அடங்கும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நம் பாலிசியில் கிளெய்ம் வாங்கினால் போனஸ் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், புது வீட்டில் கார் எங்கே நிற்கப்போகிறது? அடித்தளப் பார்க்கிங்கோ தாழ்வான தெருவோ என்றால், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டுப்போவதைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வழக்கமாகப் புதுப்பிக்கும்போதுதான் அதைச் சேர்க்க விடுவார்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், டோ செய்துதான் எடுக்க வேண்டும்.