மலிவு யூரியா வயலையும் நாட்டுக் காசையும் எப்படி கெடுக்குது, நம்ம பக்கத்துல எப்படி குறைக்கிறது

நெல்லு போடுறவங்க யூரியா வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு, அதுல 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அப்போ மூட்டைக்கு 20.7 கிலோ, ஆக ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள்ள வந்துடுது. தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேந்த டிஏபி உரம் மூட்டை 1350 ரூபா, அதுல இருக்குற தழைச்சத்துக்கு இதே ரேட்டை கழிச்சுட்டுப் பாத்தா மணிச்சத்து கிலோ 53 ரூபாய்க்கு மேல நிக்குது. 2010-ல மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாஷ்) உரத்துக்கெல்லாம் மானியத்தை கிலோவுக்கு இவ்வளவுன்னு கட்டி வச்சுட்டு யூரியாவ மட்டும் அரசே விலைய கட்டி வைக்கிற பழைய முறையிலயே விட்டாங்க, அதுலேர்ந்து இந்த வித்தியாசம் ஏறிடுச்சு. கைல காசு இல்லாதவர் எத வாங்குவார்னு சொல்லவே வேணாம், அவர் மேல தப்பே இல்ல, விலைதான் அப்படி தள்ளுது.

2022-23ல உர மானியம் மட்டும் 2.5 லட்சம் கோடிக்கு மேல போச்சு, அந்த வருஷம் வேளாண் அமைச்சகத்துக்கு ஒதுக்குனதே அவ்வளவு கிடையாது. யூரியா செய்ய வேண்டிய எரிவாயுவுல பாதிக்கு மேல வெளிநாட்டுலேர்ந்துதான் வருது. விலை கம்மியா இருக்குறதால பிளைவுட் பசை செய்ய திருட்டுத்தனமா யூரியா போகுது, அத தடுக்கத்தான் 2015-ல எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னாங்க. பயிர் எடுத்துக்காத தழைச்சத்து நைட்ரேட்டா கிணத்துல இறங்குது, குடிக்கிற தண்ணில லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போனா கைக்குழந்தைக்கு ஆபத்து. இன்னொரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடா காத்துல போகுது, அது கரியமில வாயுவ விட கிட்டத்தட்ட 270 மடங்கு சூடேத்தும்.

சரி, குறைக்கிறது எப்படி. அறுவடை முடிஞ்சதும் மண்ணு எடுங்க. வரப்பு, மரநிழல், எருக்குவியல் பக்கம் வேணாம், வயல்ல பத்து இடத்துல V மாதிரி 15 சென்டிமீட்டர் வெட்டி ஓரத்து மண்ண சுரண்டி, எல்லாத்தயும் கலந்து அரை கிலோ ஆகுற வரைக்கும் கால்பங்கா பிரிச்சு குறைச்சு மண் பரிசோதனை நிலையத்துல குடுங்க.

அடுத்து இலை வண்ண அட்டை, அதாவது வெளிர்பச்சைலேர்ந்து கரும்பச்சை வரைக்கும் நம்பர் போட்ட பட்டைங்க இருக்குற அட்டை, இதத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்வேன். நட்ட 14ஆம் நாள்லேர்ந்து பூக்குற வரைக்கும் வாரம் ஒருதடவ காலைல 8-லேர்ந்து 10 மணிக்குள்ள, உங்க உடம்பு நிழல் இலை மேல விழுற மாதிரி நின்னு, மேல முழுசா விரிஞ்ச இலைய பத்து செடில அட்டையோட வச்சுப் பாருங்க. பத்துல ஆறு இலை 4-க்கு கீழ இருந்தா மட்டும் யூரியா, வெள்ளைப் பொன்னின்னா 3-க்கு கீழ. அதுவும் குறுவைல ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 30 கிலோ, சம்பால 26 கிலோ, தண்ணிய வடிச்சுட்டு போடுங்க. பக்கத்து வயல் கரும்பச்சையா இருக்கேன்னு பாத்து போடாதீங்க, அந்த கரும்பச்சைக்குத்தான் இலைசுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும், கடைசில மழைக்கு சாஞ்சு படுத்துடும், மருந்துக்கு ஆகுற செலவுல மலிவு யூரியாவோட லாபம் போயிடும்.

பசுந்தாள் உரத்துக்குன்னு தக்கைப்பூண்டு விதைச்சு பூ வர்ற நேரத்துல மடக்கி உழுதா அடுத்த பட்டத்துல யூரியா தேவை இன்னும் குறையும்.

ஒரேடியா நிறுத்திடலாம்னு மட்டும் யாரும் நினைக்காதீங்க. 2021-ல இலங்கைல ரசாயன உர இறக்குமதிய திடீர்னு தடை பண்ணுனாங்க, நெல் விளைச்சல் விழுந்துச்சு, தேயிலையும் அடிவாங்குச்சு, சில மாசத்துலயே தடைய எடுக்க வேண்டியதாப் போச்சு. பட்டம் பட்டமா குறைங்க.

மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போனா, யூரியா தட்டுப்பாடுன்னு மட்டும் மனு குடுக்காம, இந்த மானியத்துல ஒரு பங்கையாவது ஏக்கர் கணக்குல பணமா குடுங்க, எந்த உரம் வாங்கணும்னு நாங்களே முடிவு பண்ணிக்கிறோம்னும் எழுதிக் குடுங்க. பஞ்சாப்ல இலவச கரண்ட்டால நிலத்தடி தண்ணி பாதாளத்துக்குப் போனப்ப, 2018-ல ஒதுக்குன கரண்ட்ட மிச்சம் பிடிச்ச விவசாயிக்கு யூனிட்டுக்கு 4 ரூபா குடுக்குற திட்டம் கொண்டுவந்தாங்க, அதே மாதிரி யூரியா மிச்சம் பிடிக்கிறவருக்கும் குடுங்கன்னு கேக்கலாம்.