ஆரண்ய காண்டம் பார்க்க உட்காருவதற்கு முன்

சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிகள் சேர்ந்து நல்ல க்ரைம் த்ரில்லர் ஒன்று பார்க்க நினைத்தால், 2011-இல் வந்த ‘ஆரண்ய காண்டம்’ போடுங்கள். தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். முதல் படத்திலேயே இப்படி ஒரு துணிச்சல் தமிழில் அபூர்வம், அதனால்தான் அரைகுறையாகப் பார்த்துவிட்டு ‘ஸ்லோ’ என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய. இந்தியாவில் தணிக்கைக் குழு 52 வெட்டு கேட்டு, விஷயம் தீர்ப்பாயம் வரை போய், ‘ஏ’ சான்றிதழோடு வெளிவந்த படம் இது.

பேச்சு வடசென்னைப் பேச்சு. மலேசியாவில் செந்தூலிலும் கிள்ளானிலும் வளர்ந்த நம் காதுக்கு ஆரம்பத்தில் சில இடங்கள் நழுவும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், காது பழகியதும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கண் கீழேயே கிடந்தால் முகங்களில் நடப்பது தவறிவிடும். பாட்டு வரும்போது எழுந்து போய் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் டீ) கலக்கலாம் என்று நினைக்காதீர்கள், பாட்டே கிடையாது. யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை மட்டும்தான், அதற்காகவே நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள்.

சரி, கதையை எப்படிப் பிடிப்பது? எல்லாம் ஒரே நாளில் நடக்கிறது. வயதாகிக்கொண்டிருக்கும் தாதா சிங்கபெருமாள் (ஜாக்கி ஷெராப்), அவரிடம் வேலை செய்யும் பசுபதி (சம்பத்), எதிர்க் கும்பல், நடுவில் ஒரு பை கொக்கேய்ன். இவர்கள் யாருக்கும் சம்பந்தமில்லாமல் சேவல் சண்டைக்காக ஊருக்கு வந்த காளையனும் (குரு சோமசுந்தரம்) அவன் மகன் கொடுக்காப்புளியும் அந்தப் பைக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். இதில் ஹீரோ யார் என்று தேட ஆரம்பித்தால் குழம்பிப்போவீர்கள். ஒவ்வொருவருக்கும் அந்த நிமிடம் என்ன வேண்டும் என்று மட்டும் பாருங்கள். பசுபதி ஓடுவது உயிருக்காக, காளையனுக்குத் தேவை கொஞ்சம் காசும் இழந்த மரியாதையும். இதைப் பிடித்துவிட்டால் படம் தானாக இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு இடங்களில் கவனம் சிதறவே கூடாது. ஒன்று, சேவல் சண்டையும் அதன் பிறகு அப்பா, மகன் வரும் காட்சிகளும். அப்பாவைப் பற்றிக் கேட்கும்போது அந்தச் சின்னப் பையன் சொல்லும் பதிலைத் தவறவிடாதீர்கள், படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். இன்னொன்று, சிங்கபெருமாள் தன் வீட்டில் வைத்திருக்கும் பெண் சுப்பு வரும் ஒவ்வொரு காட்சியும். அவளையும் எடுபிடி சப்பையையும் சிங்கபெருமாளின் ஆட்கள் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை, நீங்களும் அப்படி விட்டுவிடாதீர்கள். இதற்கு மேல் சொன்னால் கதையை உடைத்ததாகிவிடும்.

படத்தொகுப்புக்கும் அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருது வாங்கிய படம். நடுவில் நிறுத்தி, மறுநாள் மீதியைப் பார்க்கிற வேலை வேண்டாம்.

பிடித்திருந்தால் அடுத்த வாரம் நம் நாட்டுப் படம், சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015). அது த்ரில்லர் இல்லை, ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் பையன்கள் கேங்ஸ்டர் பக்கம் எப்படிச் சாய்ந்தார்கள் என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய படம் நம்மிடம் வேறு இல்லை.